முனி வாய் திறந்த சனிக்கிழமை

14 ஜூன் 1986, சனி

பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் போகும் எங்கள் ஆட்டத்தை எட்டு மாதமாக நான்தான் நடத்துகிறேன். இன்று எனக்குத் தொண்டை கட்டியதால் சேகர் நடத்தினான். என் ஆட்டத்தில் முனியாண்டி வாயே திறக்கமாட்டான். கூச்சம் என்று விட்டுவிட்டேன். சேகர் விடவில்லை.

"முனி, காட்டுல வழி தவறிட்டோம். நீ எஸ்டேட்டுல வளந்தவன்லா. எந்தப் பக்கம் போலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

முனி யோசித்து, "ஆத்துச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே போலாம்," என்றான். அப்புறம் அவன் சொன்ன பக்கமெல்லாம் ஆட்டம் போனது. எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் யாரு நடத்துறது மச்சான்?" என்று முனி கேட்டான். சேகரை முந்திக்கொண்டு நான்தான் என்றேன். "சரி," என்றவன், செமோர் ஊருக்குப் போகும் பஸ் வரும்வரை பேசவில்லை.

எப்படிப் பேச வைத்தாய் என்று சேகரிடம் கேட்டிருக்கலாம். மனம் வரவில்லை.