உங்களுக்குப் பொருத்தமான லினக்ஸ்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கணினியைத் திறந்துவிட்டு அலறாதீர்கள். கண்டதையெல்லாம் அமுக்கி உலகத்து வைரஸ் அத்தனையையும் வீட்டுக்கு அழைத்து வந்தவர் நீங்கள்தான்.

கணினியைப் பழுது பார்க்க வந்தவர், "ஆளுக்கு ஏத்த மாதிரிதாம்மா போடணும். படம் வரையறவங்களுக்கு மேக், ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ். சார் எப்படி?" என்றார்.

"சொல்பேச்சு கேக்காது. எதைப் பார்த்தாலும் அமுக்கும்," என்றேன்.

இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, குழந்தைகளுக்கான லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். திரையில் இருக்கும் யானையை அமுக்கினால் பாட்டு வரும்.

நீங்கள் கணினியில் எழுதி வைத்திருந்த சுயசரிதை பென்டிரைவில், என் கைப்பையில். முழுக்கப் படித்தேன். ஸ்கூட்டருக்கு இரண்டு அத்தியாயம். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வரிகூட இல்லை.

அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

பி.கு.: இதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறேன். சாவி எதிர்வீட்டில்.

இன்னொன்று: ஸ்கூட்டரை அழித்துவிட்டு அங்கே என்னைப் பற்றி எழுதப்போகிறேன். இடம் போதாது, உங்கள் பதவி உயர்வையும் தூக்க வேண்டியிருக்கும்.