லேசாக வளைந்த வாய்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

‘அன்புள்ள’ பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இதைப் போனில் எழுதினால் அதற்கும் ஒரு பொம்மை முகம் வைப்பீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால் சரக்கு வண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கழிப்பறைக்குப் போகக்கூட போனில் உள்ள அலுவலகக் குழுவில் எழுதி அனுமதி கேட்க வேண்டுமாம். கேட்டால், “மறுபடியுமா? காலையில என்ன குடிச்சீங்க?” என்று எல்லோரும் படிக்கப் பதில் போடுகிறார் மேலாளர். டீ நேரத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள்? “குட்டி, நீ படிச்சவ. நீ எழுது, கீழ நாங்க எல்லாரும் ‘எனக்கும் இதே கருத்து’ன்னு போடுறோம்.”

நாலு பேர் முன்னால் நாக்கு எழாதவள் நான். ‘இந்த அனுமதி முறை வேண்டாம்’ என்று குழுவிலேயே எழுதினேன். கீழே முதலில் வந்தது உங்கள் மஞ்சள் முகம், வாய் லேசாகக் கீழே வளைந்தது. உங்களைப் பார்த்து மற்றவர்களும் அதையே வைத்தார்கள்.

அந்த முகத்தின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? வாடிக்கையாளர் புகார் பிரிவில் சேர்ந்த புதிதில் நீங்கள் சொல்லித்தந்தது. “பணம் திருப்பித் தர முடியாதுன்னு எழுதிட்டு இதை வை. அழுற முகம் வச்சா நஷ்டஈடு கேப்பான். சிரிக்கிற முகம் வச்சா செருப்பத் தூக்குவான். இதுன்னா வருத்தப்பட்ட மாதிரியும் இருக்கும், ஒண்ணும் குடுத்த மாதிரியும் இருக்காது.”

எனக்கு அதைத்தான் வைத்தீர்கள். மறுநாளே என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

குட்டி

மார்ச் 9

என் குட்டிக்கு,

உன் கடிதத்தை, அனுமதி வாங்கிக்கொண்டு போய், கழிப்பறையில் நின்று படித்தேன்.

அன்று மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். “என்ன மேடம், நீங்களும் இதுல உண்டா?” என்றார். விரல் தானாக அந்த முகத்துக்குப் போய்விட்டது. வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான், உனக்குத் தெரியாததா? நீ பட்டம் வாங்கியவள், உனக்கு ஆயிரம் வேலை கிடைக்கும். மனதில் வைத்துக்கொள்ளாதே. கிடங்கில் தூசி, மூக்கைக் கட்டிக்கொள். உன் தம்ளர் என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

அந்த ஆயிரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. மூட்டை தூக்கும் என் அப்பா, “என் பொண்ணு நாற்காலியில உக்காந்து வேலை பாக்குது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இப்போது, திரும்பி வந்த மின்விசிறிப் பெட்டிகளை நானும் தூக்குகிறேன். வீட்டில் சொல்லவில்லை. நேற்று அப்பா என் உள்ளங்கையைப் பார்த்தார்.

பின்னால் ஆள் நின்றால் பேசாமல் இருந்திருக்கலாம். அதை மன்னித்திருப்பேன். வருத்தப்பட்ட மாதிரி காட்டினீர்களே, அதுதான் எரிகிறது. வாடிக்கையாளர் ஒருவர் நம் பதிலை அச்செடுத்துப் பெட்டிமேல் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த முகத்தைப் பேனாவால் குத்திக் கிழித்திருந்தார். அந்த மனிதரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

தம்ளர் அங்கேயே இருக்கட்டும்.

குட்டி

மார்ச் 23

குட்டி,

நேற்று அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதிலே வரவில்லை. கடைசியில் நாற்காலியிலேயே நடந்துவிட்டது. நான் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்த ஆள் குழுவில் பதில் போட்டான். என்ன போட்டான் தெரியுமா? அதே முகம்.

தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டேன். என் பெயர் முதலில். இரண்டாவது பெயருக்கு ஆள் இல்லை, எல்லோரும் தலையைக் குனிகிறார்கள். உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், மனு இதோடு இருக்கிறது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

அந்த முகத்தையே வரைந்து அனுப்பிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வட்டம் போட்டேன், கண் வைத்தேன். வாயை வளைக்க முடியவில்லை. இனி யாருக்கும் அதை வைக்க மாட்டேன், உங்களுக்கும்தான்.

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பட்டத்தையும் சேர்த்து. நீங்கள் எழுதியிருந்த ‘தயவுகூர்ந்து’ எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் வருவேன். உங்கள் பக்கத்தில் நின்று, நடந்ததைச் சத்தமாகச் சொல்வேன்.

அது முடிந்ததும் எனக்கு எழுதாதீர்கள். குட்டி என்றும் கூப்பிடாதீர்கள்.

என் தம்ளரை வண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திரும்பிய சரக்குப் பிரிவு, கிடங்கு