முட்டி வரை பூட்ஸ்

அம்மா,

உன் நீலச் செருப்பை மறுபடி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். நீ போன மறுநாள் பங்களா கேட்டுக்கு வெளியே கிடந்தது. நான்தான் எடுத்து வந்தேன். குதிகால் பள்ளத்தில் இன்னும் செம்மண். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடிக்கொள்கிறேன். பார்த்தால் கிழித்துவிடுவார்.

இன்று பள்ளியிலிருந்து, இப்போது மியூசியமாகிவிட்ட அந்த ஜமீன் பங்களாவுக்குத்தான் கூட்டிப் போனார்கள். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்துதான் நானும் கூடப் போனேன். நீ இருந்தபோது சாரம் கட்டிக் கிடந்த சுவரெல்லாம் இப்போது வெள்ளை. நீ நட்ட செம்பருத்தி என் இடுப்புக்கு வந்துவிட்டது.

நீ அங்கே தோட்ட வேலை பார்த்தபோது, லீவு நாட்களில் உனக்குச் சோறு கொண்டு வருவேன். புதுப் புல்லில் தடம் விழுமென்று சூப்பர்வைசர் வேலையாட்களின் செருப்பை வெளியே விடச் சொன்னார். "சொகமாத்தான் இருக்கு, ஏட்டி. நீயும் மிதிச்சுப் பாரு" என்று சிரித்தாய்.

அன்றும் வெறுங்காலோடுதான் சருகு அள்ளினாய். சருகுக்குள் விரியன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சூப்பர்வைசர் அப்பாவிடம் சொன்னார்: "தோட்டத்துல வச்சுன்னு தெரிஞ்சா மியூசிய வேலை எல்லாமே நின்னு போயிரும். ஒனக்கு பங்களாவுலயே வேலை போட்டுத் தாரேன்." அப்பா என்னிடம் வந்து, "வாயத் தொறந்துராத" என்றார். ஆனால் டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"எங்க வச்சு கடிச்சது, பாப்பா?"

"வீட்டுல. அடுப்படியில."

நீ கண்ணைத் திறந்துதான் இருந்தாய். என்னையே பார்த்தாய்.

இன்று மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் இருந்தது. சுற்றிக் காட்டிய அண்ணன், "ஜமீன்தார் வேட்டைக்குப் போட்டது. முட்டி வரைக்கும் தோலு. பாம்பு பல்லு எறங்காது" என்றார்.

"அண்ணே, இப்பவும் இங்க பாம்பு வருமா?"

"இந்தத் தோட்டத்துலயா? டிக்கெட் எடுக்காம ஒரு பூரான் கூட உள்ள வராது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா.

கேட்டில் அப்பா காக்கிச் சட்டையோடு நின்றார். டீச்சருக்கு சல்யூட் வைத்தார். என்னைத் தெரியாதவர் போல் பையைச் சோதித்தார். அவருக்குக் கறுப்பு ஷூ கொடுத்திருக்கிறார்கள்.

பார்த்ததை ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார் டீச்சர். எழுதிவிட்டேன். பாம்பு கிடையாது என்றும் எழுதியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அடுப்படிக்குள் கீழே பார்த்துத்தான் காலை வைக்கிறேன். அங்கே பாம்பு வந்ததே இல்லை. நான்தான் கொண்டு வந்து விட்டேன்.