கையுறை மேசைமேல் இருக்கிறது

ரோவன்,

பீன்ஸ் அடுப்பின்மேல் இருக்கிறது. சோள ரொட்டியைச் சூடாக்கிக்கொள்.

நேற்று "காலேஜ் கிளாஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் போகுது, விடும்மா" என்று கதவை அறைந்து சாத்தினாய். அதனால் இன்று கல்லூரிக்கே போன் செய்தேன். "ஸ்கூல்ல படிச்சுக்கிட்டே இங்க ஒரு கிளாஸுக்கு வந்தாலும், சட்டப்படி அவன் காலேஜ் ஸ்டூடண்ட். அம்மாவா இருந்தாலும் எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றாள் ஒரு பெண். அவனுக்குப் பதினாறு வயதுதான் என்று கத்தினேன். பொதுவான விதியை மட்டும் சொன்னாள்: வகுப்புக்கு வராதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் விலகாவிட்டால் தோல்வி என்றே பதிவாகுமாம். விலகுவதென்றாலும் நீதான் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

போனை வைத்த கையோடு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹோபார்ட், நீ அங்கே விட்டுவந்த கையுறைகளைக் கொண்டுவந்தார். "மத்தியானம் தினமும் அவங்கப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்கான்" என்றார்.

அப்பா ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்ட வகுப்பு என்று பயப்படாதே. விலகிவிடு.

அம்மா

பி.கு: இனி வகுப்பு முடியும் நேரம்வரை பனியில் உட்கார்ந்திருக்காதே. நேராக வீட்டுக்கு வா.

இன்னொன்று. சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போ. அப்பாவைப் புதைத்த நாளுக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை.