ஆண்டர்சன்பேட்டையில் ஓடாத சிடி

2003 ஜூலை 8, செவ்வாய்

கடையில் இன்று முப்பத்தொரு சிடி எழுதினேன். ஒன்றுகூடப் பாழாகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சிடி வேலை முழுக்க என் பொறுப்பு என்று முதலாளி டென்சில் சொல்லிவிட்டார்.

மர்பி டவுன் வீட்டுக்கு வந்தால் அப்பா வேறு சேதி வைத்திருந்தார். கோலார் தங்கவயல் வரன். மாப்பிள்ளை யூஜினுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் அம்மா தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில். "பொண்ணு வேலைய விட்டுட்டு மாமியார்கூட இருக்கணுமாம். நீ கோயில்ல பாடின வீடியோவ பாக்கணும்னு கேக்கறாங்க. நீயே ஒரு சிடி போட்டுக் குடும்மா, மேரி."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமே, அந்தக் கதைதான். ஆனால் தான் வேலை பார்த்த தங்கவயல் மைன்ஸ் மூடியதிலிருந்து அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

ஜூலை 10

முடியாது என்று சொல்லாமலே தப்பிக்க வழி கிடைத்துவிட்டது!

சாதாரண சிடியில் சாயம் பூசியிருக்கும். லேசர் அதைச் சுட்டுத் தழும்பு போடும். போட்டது போட்டதுதான். ஆர்டபிள்யூ சிடியில் இருப்பது உலோகக் கலவை. உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அந்த இடம் மங்கும். இதமாகச் சூடு காட்டினால் பழையபடி பளபளக்கும். அதனால் அழித்து அழித்து எழுதலாம். ஆனால் அந்தப் பளபளப்பு சாதாரண சிடியைவிடக் குறைவு. பழைய பிளேயரின் கண்ணுக்குத் தெரியாது.

ஆண்டர்சன்பேட்டையில் இருப்பது பழைய பிளேயர். அப்பாவிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆர்டபிள்யூவில் எழுதிக் கொடுத்தாயிற்று. மேலே அழகாக என் பெயர் வேறு.

ஜூலை 14

ஓடவில்லையாம்.

ஜூலை 16

கடைக்கு ஒருவர் வந்தார். கையில் என் சிடி. யூஜின்.

"எங்க ஆபீஸ்ல சிடி எழுதற ரைட்டர் இருக்குங்க. அதுல நல்லா ஓடுச்சு. ஆர்டபிள்யூல தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சேவா?"

பொய் வாய் வரை வந்தது. "தெரிஞ்சேதான். எனக்கு வேலைய விட இஷ்டமில்ல."

"அத உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

அதானே — நான் ஏன் சொல்லல? அப்பா என்ன கடிச்சா முழுங்கிடுவாரு? கோபமாக வந்தது, யூஜின்மேல் இல்லை, என்மேல்தான்.

ஜூலை 17

சொல்லிவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மெஷின் மேல பழி போட்டுட்டியேம்மா. பாவம் மாப்பிள்ளையோட அம்மா, அந்த பிளேயர ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜூலை 21

அப்பா போனில் ஆண்டர்சன்பேட்டையோடு பேசினார். "பொண்ணு வேலைக்குப் போகும். சம்மதம்னா பேசலாம்." யோசித்துச் சொல்கிறார்களாம்.

ஆகஸ்ட் 9, சனி

இன்னும் பதில் இல்லை. யூஜின் மட்டும் சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருகிறார். அவரிடம் இருக்கும் பாட்டுகளை எல்லாம் சிடியில் ஏற்ற வேண்டுமாம். மொத்தம் நாற்பது பாட்டு. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். "அவசரம் இல்லீங்க" என்று வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டாகக் கொண்டுவருகிறார்.

ஆபீஸில் ரைட்டர் இருப்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.