கிரேன் ஏணியில் கஸ்தூரி

என் கண்ணான அஞ்சலைக்கு,

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், நம் மகள் கஸ்தூரி எழுதுகிறாள். தன்னைப் பற்றிய இடம் வந்தால் பேனாவை வைத்துவிடுகிறாள். "இதெல்லாம் எழுதணுமா நைனா?" என்கிறாள். அவளைப் பற்றித்தானே இந்தக் கடிதமே?

நீ கண்ணை மூடிய பிறகுதான் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் அவளுக்கு கிரேன் கிடைத்தது. கூரைக்குக் கீழே தண்டவாளம் போட்டு ஓடுகிற கிரேன். நெட்டுக்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு டன் கணக்கான கம்பிக்கட்டைப் பூப்போல இறக்குவாள். அந்த ஷெட்டில் மேலே ஏறிய முதல் பொம்பளை நம் பெண்தான்.

அப்புறம் வலது முட்டி பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடித் திருப்பிக்கொண்டு வந்தாளே, நீகூட நொச்சி இலை வதக்கிக் கட்டினாயே, அதே முட்டி. உள்ளே தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். முப்பத்தாறு வயதில் மூட்டுத் தேய்மானமா? ஏணியில் கால் மடங்கவில்லை. கம்பெனியில் அவளைக் கீழே இறக்கி, கம்பிக்கட்டுக்குச் சீட்டு ஒட்ட வைத்தார்கள். "ஆயுத பூஜைக்குள்ள நீயா ஏறிக் காட்டணும்மா. இல்லன்னா கிரேன வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

எனக்கு உன் நினைவுதான். உன் முட்டி நொந்தபோது ஆட்டாதே, அசைக்காதே என்று ஊரே சொன்னது. நீயும் கட்டிலில் உட்கார்ந்தாய். தொடை சூம்பி என் கை அளவுக்கு வந்தது. வேறு வழி உண்டு என்று அப்போது நமக்கு யார் சொன்னார்கள்?

இவளுக்கு ஒருத்தி சொன்னாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ பெண். "முட்டியத் தாங்குறது தொடைச் சதைதான்க்கா. அதுக்கு வெயிட்டு குடுத்து பலமாக்கணும். லேசா வலிச்சா பரவால்ல. வீங்குச்சின்னா எடையக் கொறைங்க, விட்டுடாதீங்க."

முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பழகினாள். பிறகு கணுக்காலில் மணல் பை கட்டிக் காலை நீட்டி மடக்கினாள். அப்புறம் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படி ஏறி இறங்கினாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பக்கத்து வீட்டு சரோஜா சும்மா இருப்பாளா?

"இன்னாடி கஸ்தூரி, நோவுற கால வச்சிக்கினு பயில்வான் வேல காட்டுற?"

"நீயும் வாக்கா. உன்னத் தூக்கிக்கினு ஏறுனா அரிசியாவது சிந்தாம இருக்கும்."

ஆடி மாதம் ஒரு நாள் முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. "போதும் நைனா. அம்மா மாதிரி நானும் உக்காந்துடறேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்ததும் மணல் பையைப் பிரித்துப் பாதியைக் கொட்டிவிட்டு, அவள் காலருகே கொண்டுபோய் வைத்தேன்.

"அந்தப் பொண்ணு கொறைக்கத்தான சொல்லிச்சி?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்து பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரையும் ஷெட்டுக்குள் விட்டார்கள். எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. கிரேனுக்கு மாலை போட மேலேதான் போகவேண்டும். கஸ்தூரி பாதுகாப்பு பெல்ட்டை மாட்டி, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். பாதியில் நின்றாள். முட்டி பிடித்துக்கொண்டதோ? ஷெட்டே அண்ணாந்து பார்க்கிறது. அவளோ ஏணிக் கம்பியில் சிக்கிய மாலையை நிதானமாக விடுவித்துக்கொண்டு, வலது காலை அழுத்தி ஊன்றி, மடமடவென்று ஏறிப்போனாள். மேலேயிருந்து கிரேன் ஹாரன் கேட்டதே, அஞ்சலை, அந்தச் சத்தம் உன்வரைக்கும் வந்ததா?

இறங்கியதும் சூப்பர்வைசர் அவள் கையில் பொரியைக் கொடுத்தார். "நாளான்னிக்கி காலைல ஏ ஷிப்டு. லேட்டா வராதம்மா." அவ்வளவுதான் சொன்னார்.

"சீட்டு ஒட்ட ஆளு பாத்துக்கங்க சார்" என்றாள் உன் மகள்.

தேய்ந்தது திரும்ப வளராதாம். பயிற்சியை விட்டால் தொடை மறுபடி இளைத்துவிடுமாம். கிரேன் கிடைத்துவிட்டதே என்று இவள் சோம்பிவிட நான் விடமாட்டேன். எனக்குத் தெம்பு உள்ளவரை தினமும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். உன்னை உட்கார வைத்த வலி உன் மகளை உட்கார வைக்காது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

கஸ்தூரிக்கு நைனா,
உனக்கு என்றைக்கும் வீட்டுக்காரன்,
முனுசாமி