ஊசி கோர்க்கும் விளக்கு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா ஒரு மீட்டரோடு வந்தார். அதைச் சுவர் பிளக்கில் செருகி, அதற்குள் மிக்ஸியையோ இஸ்திரிப்பெட்டியையோ செருகினால், எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று எண் காட்டும். இந்த முறை கரண்ட் பில்லில் யூனிட் ஏகத்துக்கு ஏறிவிட்டதாம்.

"வீட்டுக்குள்ளயே திருடன் இருக்கான். பிடிக்காம விடமாட்டேன்."

திருடன் இல்லை, திருடி. தையல் மெஷின் மேல் அம்மா வைத்திருக்கும், கழுத்து வளைகிற ஊசி கோர்க்கும் விளக்கை, எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்து வருகிறேன். பள்ளிப் பைக்குப் பின்னால் விடியும்வரை எரியவிட்டு, அம்மா எழுவதற்குள் திரும்ப வைத்துவிடுகிறேன். தனி அறை கிடைத்த நாளிலிருந்து ஐந்து மாதமாக. இதை எழுதுவதும் அந்த வெளிச்சத்தில்தான்.

பதிமூன்று வயதில் இருட்டுக்குப் பயமா என்று யாரும் கேட்க வேண்டாம். என் அறை அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ்ஸுக்கும் பத்து நிமிஷம், அதற்குள் கிளம்பியாக வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கும் அதே சட்டம். கையில் கடிகாரம், காதில் பென்சில். விசில் மட்டும்தான் ஊதவில்லை.

விடிகாலையில் ஃப்ரிட்ஜுக்குப் பத்து நிமிஷம்: இரண்டு வாட். "பாவம், சாது." அம்மாவின் இஸ்திரிப்பெட்டிக்குப் பத்து நிமிஷம்: ஆயிரம் வாட்! அப்பா துள்ளிக் குதித்தார்.

"ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தைக்கிறே. மூணு யூனிட். இதான் திருடன்!"

"தைக்கிற நேரம் முழுக்கவா தேய்க்கிறேன்?" என்றாள் அம்மா.

"மீட்டர் பொய் சொல்லுமா?"

அண்ணன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் எடுக்காமல், அதற்குள்ளேயே பார்த்தபடி சொன்னான்: "தங்கச்சியையும் செருகிப் பாருங்கப்பா. வாய் மட்டும் ரெண்டாயிரம் வாட் வரும்."

தீர்ப்பு: இஸ்திரி இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

நான் தப்பித்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா?

ஆகஸ்ட் 7, வியாழன்

சீருடை வாங்க வந்தவர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "தைச்சீங்களா, கசக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனி இங்கே கொடுக்க மாட்டார் போல. அம்மா ஈரத் துணியை மடித்துப் பாயின் அடியில் வைத்து, சுருக்கம் போக அதன்மேல் உட்கார்ந்துகொண்டே காலர் தைத்தாள். சிரிப்பாகவும் இருந்தது, பார்க்கவும் முடியவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. இன்று அறிவியல் டீச்சர் நடத்திய பாடமே அதுதான். வாட் என்பது வேகம் மாதிரி. யூனிட் என்பது போன தூரம் மாதிரி. இஸ்திரிப்பெட்டி சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும். ஃப்ரிட்ஜும் நின்று நின்று ஓடும். பத்து நிமிஷம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முழுக்கச் செருகி, யூனிட்டைப் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு நாள், ஓர் இரவு என்று ஆரம்பிப்பார். அவர் ஆரம்பித்தால் பாதியில் விடுகிற ஆளா? என் அறைக்கும் வருவார்.

சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. அம்மா பாயின்மேல் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

போடீ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஸ்டாப்ல நிக்கிற பஸ்ஸைப் பத்து நிமிஷம் பாத்துட்டு, இது டீசலே குடிக்காதுன்னு எழுதுவீங்களா?"

"எவன் எழுதுவான்?"

"நீங்க ஃப்ரிட்ஜுக்கு எழுதியிருக்கீங்க."

அப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்பச் செருகினார். மறுபடி எடுத்தார். அண்ணன் முதல்முறையாக ஃப்ரிட்ஜ் கதவை மூடினான்.

பிறகு நான் பயந்ததுதான் நடந்தது. கட்டம் போட்டு அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜிலேயே ஒட்டிவிட்டார். இன்று ஃப்ரிட்ஜ். நாளை இஸ்திரி. ஞாயிறு: சின்னவள் அறை. திங்கள்: பெரியவன் அறை.

ஆகஸ்ட் 9, சனி

ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் 2.1 யூனிட்! அந்தச் சாது! அப்பா கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தேய்ந்து, குளிரெல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. "இது போதாதுன்னு ஒருத்தன் திறந்து வெச்சு தியானம் வேற பண்றான்" என்றார். நான் அண்ணனைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

நாளை என் முறை. இன்று விளக்கை எடுக்கவில்லை, பழகிப் பார்க்கிறேன். இருட்டில் எழுதுகிறேன், வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அலமாரி இப்போது

எடுத்து வந்துவிட்டேன். இனி முயல்வதாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இஸ்திரி: நாள் முழுக்க 0.6. பழையபடி தினமும் தேய்க்கலாம் என்று உத்தரவு. அப்பா அதை அம்மாவிடம் நேராகச் சொல்லவில்லை. தன் சட்டை ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினார். அம்மா, "வரிசையில வைங்க" என்றாள்.

இரவு ஒன்பதுக்கு மீட்டர் என் அறைக்கு வந்தது. 0.00. விளக்கை அதில்தான் செருக வேண்டும், வேறு பிளக் கிடையாது. செருகினேன். மூன்று வாட் என்கிறது. நாளை அண்ணன் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று தெரு முழுக்கச் சொல்வான். சொல்லட்டும். அலமாரியோடு படுக்கப் போவது அவனா?

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஆறு மணிக்கே அப்பா குனிந்துவிட்டார். "0.02. ராத்திரி இங்க ஏதோ ஓடியிருக்கு."

"என்னடீ, பேய்க்கு சார்ஜ் போட்டியா?" என்றான் அண்ணன்.

கூடத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"அது என் விளக்கு. நான்தான் அங்க வைக்கச் சொன்னேன்."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"வெளிச்சத்துக்குத்தான். ரெண்டு யூனிட் குடிச்சது கண்ணுக்குத் தெரியல, இது தெரியுதாக்கும்."

அப்பா எழுந்தார். அட்டவணையில் என் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்க்காமல், "அந்த அலமாரிக் கதவுக்கு ஒரு கொக்கி போடணும்" என்றார். அவருக்கு எப்படி அது தெரியும்?

அண்ணனுக்கும் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்கு என் ரூம்லயும் ராத்திரி முழுக்கவா?" என்று இரண்டு தரம் கேட்டான். அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா என் பின்னலை இறுக்கிக்கொண்டே காதருகில் சொன்னாள்: "விளக்கோட கழுத்தைச் சுவர்ப் பக்கமே திருப்பி வெச்சிட்டுப் போறே. அஞ்சு மாசமா தினம் காலைல நேராக்கிட்டிருக்கேன்."

இப்போது இரவு பத்தரை. எல்லோரும் தூங்கட்டும் என்று அடுக்களையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு காத்திருந்து, எடுக்கப் போனேன். மெஷின் மேல் விளக்கு இல்லை. பதறித் திரும்பி வந்தால், என் மேசைமேல் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் கழுத்து, நான் இந்த நோட்டை ஒளித்துவைக்கும் இழுப்பறையைச் சரியாகப் பார்த்து வளைந்திருக்கிறது.

நோட்டுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.